அத்தையைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு ஆடியிலும் அத்தையின் திதிக்கு மண்ணச்சநல்லூர் பக்கத்திலுள்ள எங்கள் ஊர் வீட்டில் கூடுகிறோம். அவர் போனது 2019-ல். அப்போது தவழ்ந்துகொண்டிருந்த பிள்ளைகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறார்கள், கேள்வி கேட்கிறார்கள். ஒரே கேள்விக்கு என் தம்பி ஒரு பதில் சொல்கிறான், சித்தப்பா வேறொன்று சொல்கிறார். பெங்களூரிலிருந்து வரும் பிள்ளைகள் இரண்டையும் கலந்து மூன்றாவதாக ஒன்றை எடுத்துப் போகிறார்கள். அதனால்தான் உட்கார்ந்து எழுதிவிட்டேன். எனக்குத் தெரிந்தது இவ்வளவு.

இவர் யாருக்கு அத்தை? எல்லாரும் அத்தை என்கிறீர்களே?

எனக்கும் என் தம்பிக்கும் சித்தப்பா பிள்ளைகளுக்கும்தான் முறைப்படி அத்தை. எங்கள் அப்பாவுக்குத் தங்கை, சித்தப்பாவுக்கு அக்கா. உங்களுக்குப் பாட்டி முறை. ஆனால் 'பாட்டி' என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார். ஊரில் பாதிப் பேருக்கும் அவர் அத்தைதான். பள்ளிக்கூடத்தில் சோறு வாங்கித் தின்ற பிள்ளைகள் எங்களைப் பார்த்துப் பழகிக்கொண்ட பெயர் அது.

எங்களை அவர் 'மருமகளே', 'மருமகனே' என்றுதான் கூப்பிடுவார். அண்ணன் தம்பி பிள்ளைகளை அப்படிக் கூப்பிடுவது நம் பக்கத்து வழக்கம். அத்தை மகன், மாமன் மகள் என்று கல்யாணம் செய்த காலத்தின் மிச்சம். அத்தைக்குப் பிள்ளை இல்லை. ஆக, எந்த மகனும் இல்லாமல் ஐந்து மருமக்கள்.

படத்தில் ஏன் இப்படி முறைக்கிறார்?

அது அலுவலக அடையாள அட்டைக்கு எடுத்த படம். அதைத்தான் பெரிதாக்கி மாட்டியிருக்கிறோம். சிரித்த படமும் ஒன்று இருக்கிறது, ஆனால் அதில் கையில் கரண்டியோடு யாரையோ திட்டிக்கொண்டே சிரிக்கிறார். மாலை போட ஏற்ற படமில்லை என்று அப்பா சொல்லிவிட்டார்.

எம்.ஜி.ஆர். கையால் வேலை உத்தரவு வாங்கியவராமே?

இல்லை. இதைச் சித்தப்பா கிளப்பிவிட்டார். முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியது 1982 ஜூலை 1-ஆம் தேதி, திருச்சிக்குப் பக்கத்தில் பாப்பாக்குறிச்சியில். நம் ஊரிலிருந்து ஒரு லாரி ஆட்கள் போனார்கள். அத்தையும் போனார். கூட்டத்தில் வெள்ளைத் தொப்பி மட்டும் தெரிந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். வேலை கிடைத்தது அடுத்த வருஷம், 1983-ல். உத்தரவு தபாலில் வந்தது.

பழைய பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்தார். கணவரை இழந்தவர்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் அந்த வேலையில் முன்னுரிமை இருந்தது. மாமா லாரி விபத்தில் இறந்தது 1978-ல். அப்போது அத்தைக்கு வயது 25. அதற்குப் பிறகு ஐந்து வருஷம் இந்த வீட்டில் அடுப்படியே கதி என்று இருந்தவர்தான் அமைப்பாளர் ஆனார்.

அமைப்பாளர் என்றால் சமையல்காரரா?

சமையலர் ஒருவர், சமையல் உதவியாளர் ஒருவர் தனியாக உண்டு. அமைப்பாளர் என்பவர் பள்ளிக்கூடத்துச் சத்துணவு மையத்துக்குப் பொறுப்பு. அரிசி, பருப்பு, எண்ணெய் வாங்கி இருப்பு வைப்பது, காலையில் வகுப்பு வகுப்பாகப் போய்த் தலை எண்ணுவது, அந்த எண்ணிக்கைக்கு அளந்து கொடுப்பது, வெந்ததை வாயில் போட்டுப் பார்த்த பிறகே பிள்ளைகளுக்குப் போடச் சொல்வது, எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதுவது. அதிகாரி எந்த நேரமும் வந்து மூட்டையை நிறுத்துப் பார்க்கலாம்.

ஆரம்பப் பள்ளிப் பிள்ளைக்குத் தலைக்கு 100 கிராம் அரிசி, 15 கிராம் பருப்பு. 83 பிள்ளை வந்தால் எட்டு கிலோ முந்நூறு. இதை அவர் தராசு பார்க்காமலே சொல்வார். வீட்டில் ஆழாக்கும் படியும், பள்ளிக்கூடத்தில் கிராமும் கிலோவும். எட்டு ஆழாக்கு ஒரு படி என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். இரண்டு கணக்கும் அவர் தலைக்குள் பக்கத்துப் பக்கத்து அறையில் இருந்தன.

நான் அப்போது மூன்றாம் வகுப்பு. அத்தை கையால் சாப்பிடப் போகிறோம் என்று முதல் நாள் முன் வரிசையில் போய் உட்கார்ந்தேன். எனக்கு ஒரு கரண்டி, பக்கத்துப் பெண்ணுக்கு ஒரு கரண்டி. என்னைத் தெரிந்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. சாயங்காலம் வீட்டில் கேட்டேன். "அங்க நான் அமைப்பாளரு. அத்தை இங்கதான் இருக்கா" என்றார்.

அந்தக் காலத்தில் விறகடுப்பு. மழை நாளில் ஈர விறகை ஊதி ஊதி மூன்று பேரும் கண் சிவந்து நிற்பார்கள். கேஸ் அடுப்பு எல்லாம் வெகு பின்னால் வந்தது. எங்கள் அப்பா படித்தபோது காமராசர் காலத்து மதிய உணவு, கோதுமை உப்புமாவும் பால் பவுடரும். "நீங்கள்லாம் சோறு தின்னவங்க" என்று இன்றும் எங்களைக் கேலி செய்வார்.

தம்பி அங்கிள் சொல்லும் கூமுட்டைக் கதை உண்மையா?

உண்மை. கொஞ்சம் கூட்டிச் சொல்கிறான், அவ்வளவுதான்.

1989-ல் சத்துணவில் முட்டை வந்தது. முதலில் பதினைந்து நாளைக்கு ஒன்று. பிறகு வாரத்துக்கு ஒன்றாகி, இரண்டாகி, மூன்றாகி, 2010-ல் வாரத்தில் ஐந்து நாளும் என்று ஆனது. அத்தை ஓய்வு பெற்றது 2011-ல், எனவே முட்டையின் முழு வளர்ச்சியையும் பார்த்தவர். ஆனால் அந்த முதல் வருஷத்தில் முட்டை நாள் என்றால் பள்ளிக்கூடமே தீபாவளி. வராத பிள்ளைகூட அன்றைக்கு வந்துவிடும்.

அப்படி ஒரு நாள் 62 பிள்ளை, 62 முட்டை. அவித்து உரித்தால் ஒன்று கூமுட்டை. அந்த ஒருவன் யார் என்று அத்தை யோசிக்கவே இல்லை. இரண்டாம் வகுப்பில் இருந்த என் தம்பியைத் தாண்டிப் போய்விட்டார். அவன் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தான். அம்மா கோபத்தில் இரண்டு முட்டையை அவித்து அவன் முன்னால் வைத்தார். அவன் தொடவில்லை. அவனுக்கு வேண்டியது அந்த முட்டை. அடுத்த முட்டை நாளில் முதல் முட்டை அவன் தட்டில் விழுந்தது. அத்தை ஒன்றும் பேசவில்லை, இவனும் பேசவில்லை. நாற்பது தாண்டிய பிறகும் பந்தியில் அவனுக்கு முட்டை வைக்கும்போது யாராவது சிரிப்பார்கள், கவனித்திருப்பீர்கள்.

மீந்த சோறு வீட்டுக்கு வருமா?

வராது. ஒரு கவளம்கூட வந்ததில்லை.

நம் வீட்டில் மட்டும் ஏன் "எத்தனை தலை?" என்று கேட்கிறோம்?

இதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி. புதிதாக வந்த மருமகள்கள் எல்லாரும் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுகிறார்கள்.

விசேஷ வீட்டில் சமையல்காரர் "எத்தனை இலை?" என்று கேட்பார். அத்தை "எத்தனை தலை?" என்பார். இரண்டும் ஒன்றில்லையா என்று நான் ஒருமுறை வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். இலை என்பது வந்து உட்கார்ந்தவர்களின் கணக்கு. தலை என்பது வீட்டைச் சேர்ந்தவர்களின் கணக்கு. காய்ச்சலில் படுத்திருப்பவர், வயலிலிருந்து இன்னும் திரும்பாதவர், கோபித்துக்கொண்டு திண்ணையில் இருப்பவர் எல்லாம் தலையில் வருவார்கள். பள்ளிக்கூடத்தில் அவர் எண்ணியதும் அப்படித்தான். வராத பிள்ளைக்கு அரிசி அளக்க முடியாது, கணக்கு இடிக்கும். ஆனால் ஏன் வரவில்லை என்று அன்று சாயங்காலமே அந்த வீட்டு வாசலில் போய் நிற்பார். ஆடு மேய்க்க அனுப்பிவிட்டார்கள், தங்கச்சியைப் பார்த்துக்கொள்ள நிறுத்திவிட்டார்கள் என்று காரணம் சொல்வார்கள். சண்டை போட்டு அடுத்த நாள் கூட்டிவந்த பிள்ளைகள் எத்தனையோ. அதில் ஒருத்தி இப்போது நர்ஸ். அத்தை கடைசியாகப் படுத்திருந்தபோது ஊசி போட வந்தவள் அவள்தான்.

வீட்டிலும் அதே பழக்கம். ராத்திரி அரிசி களைவதற்கு முன் ஒருமுறை தலை எண்ண வேண்டும். எண்ணியதற்கு மேல் அரை ஆழாக்கு சேர்க்க வேண்டும். அது யாருக்கு என்று கேட்கக் கூடாது. நான் சென்னையில் குக்கரில் மூன்று பேருக்கு வைக்கும்போதும் கை தானாக அந்த அரை ஆழாக்கைப் போடுகிறது. மறுநாள் காலையில் நானேதான் அதைத் தாளித்துத் தின்கிறேன், அது வேறு விஷயம்.

ஏன் மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை?

யாரும் கேட்கவில்லை. அவரிடமும் கேட்கவில்லை, அவருக்காகவும் போய்க் கேட்கவில்லை. இதற்கு அழகான பதில் எதுவும் என்னிடம் இல்லை.

சித்தப்பா கல்யாணம் 1981-ல். தாலியின் மூன்றாவது முடிச்சை மாப்பிள்ளையின் சகோதரி போடுவது வழக்கம், நாத்தனார் முடிச்சு என்பார்கள். சித்தப்பாவுக்கு இருந்த ஒரே அக்கா அடுப்படியில் நின்றார். தூரத்துச் சொந்தத்தில் ஒரு அக்கா வந்து முடிச்சுப் போட்டார். என் கல்யாணத்தில் தாலித் தட்டை அத்தைதான் எடுத்துவர வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். யாரோ முணுமுணுத்தது அவர் காதிலும் விழுந்தது. "பந்தியில ஆளு பத்தல, நான் போறேன்" என்று போய்விட்டார். ஆள் நிறையவே இருந்தார்கள். நான் எழுந்து போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்திருக்க வேண்டும். மணவறையில் உட்கார்ந்திருந்தேன், உட்கார்ந்தே இருந்துவிட்டேன்.

அத்தைக்குச் சொத்தில் பங்கு கொடுத்தீர்களா?

கொடுக்கவில்லை. பெரியவர்கள் பேச்சை மாற்றுவார்கள், நான் மாற்றவில்லை.

தாத்தா 1990-ல் இறந்தார். உயில் எழுதவில்லை. மறு வருஷம் அப்பாவும் சித்தப்பாவும் நிலத்தைப் பிரித்துக்கொண்டார்கள். தமிழ்நாட்டில் 1989-லேயே மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம உரிமை தரும் சட்டத் திருத்தம் வந்துவிட்டது. ஆனால் அந்த மார்ச் 25-ஆம் தேதிக்கு முன்பே கல்யாணம் ஆனவர்களுக்கு அது பொருந்தாது. அத்தைக்குக் கல்யாணம் 1974-ல். தாலி இருந்தது நாலு வருஷம், ஆனாலும் சட்டத்துக்கு அவர் 'கல்யாணம் ஆனவர்'. தாத்தாவின் சொந்தப் பங்கில் மட்டும் அவருக்கும் வாரிசு உரிமை இருந்தது. அதனால்தான் அவர் கையெழுத்து தேவைப்பட்டது. அந்தப் பத்திரத்துக்குப் பெயர் விடுதலைப் பத்திரம். யாருக்கு எதிலிருந்து விடுதலை என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து வழக்கம் போல உலை வைத்தார். கிழக்குப் பக்கத்து அறையும் கொல்லை முருங்கையும் அவர் ஆயுள் வரை என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். 2005-ல் மத்திய அரசின் திருத்தம் வந்து, கல்யாணம் ஆன மகளுக்கும் உரிமை உண்டு என்றானது. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவு செய்து முடிந்த பாகப்பிரிவினைகளை அது தொடவில்லை. நம்முடையது 1991. அப்பாவுக்கு இது உறுத்திக்கொண்டே இருந்தது. அத்தையிடம் ஒருநாள் எடுத்தும் பேசியிருக்கிறார். "விடுங்கண்ணே, சோறு ஆறுது" என்று முடித்துவிட்டாராம்.

ஆனால் அவர் ஒன்றும் தெரியாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். பிள்ளையில்லாத ஒரு பெண் உயில் எழுதாமல் இறந்தால், அவள் சொந்தமாகச் சம்பாதித்த பணம் முதலில் கணவன் வீட்டு வாரிசுகளுக்குப் போகும். இந்து வாரிசுரிமைச் சட்டம் அப்படி. இன்னொரு மையத்து அமைப்பாளர் இறந்தபோது, முப்பது வருஷம் எட்டிப் பார்க்காத கொழுந்தன் வந்து நின்றதை அத்தை பார்த்திருக்கிறார். ஓய்வு பெற்ற மாதமே வெள்ளைத் தாளில் உயில் எழுதி, இரண்டு சாட்சிகளிடம் கையெழுத்தும் வாங்கி வைத்துவிட்டார். முத்திரைத்தாளோ பதிவோ கட்டாயமில்லை என்பதையும் விசாரித்து வைத்திருந்தார்.

'மெஸ் பில்' கதை என்ன?

நான் திருச்சியில் கல்லூரியில் சேர்ந்து விடுதியில் தங்கியபோது அப்பா கையைப் பிசைந்தார். அத்தை வந்து, "படிப்புக்கு நீங்க கட்டுங்க. சோத்துக்கு நான் கட்டிர்றேன்" என்றார். அன்றைக்கு அவர் வாங்கிய சம்பளம் சொற்பம். சீட்டுப் போட்டு, இரண்டாம் ஏலத்திலேயே தள்ளுபடிக்கு எடுத்துக் கட்டினார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. என்னோடு நிற்கவில்லை. தம்பிக்கு, சித்தப்பா பெண்கள் இரண்டு பேருக்கு என்று நான்கு பேருக்கு மெஸ் பில் கட்டினார். எங்களில் யார் வீட்டிலாவது ஊர்ப் பிள்ளை ஒன்று தங்கிப் படிப்பதைப் பார்த்திருப்பீர்கள். சாப்பாட்டுக்குக் காசு வாங்க மாட்டோம். அது பெரிய தர்மம் ஒன்றுமில்லை, பழைய பாக்கி.

அத்தை எல்லாரிடமும் நல்லவராகத்தான் இருந்தாரா?

இல்லை. தட்டில் சோறு மிச்சம் வைத்தால் விருந்தாளி என்றும் பார்க்காமல் திட்டுவார். என் அம்மாவின் ரசத்தை முப்பது வருஷமும் குறை சொன்னார். இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம்.

சிரிக்க முடியாதது ஒன்று. பள்ளிக்கூடத்தில் எந்தத் தெருப் பிள்ளையையும் ஒரே வரிசையில் உட்கார வைத்தவர் அவர். எங்கள் பிள்ளை தனியாகத்தான் உட்காரும் என்று வந்து நின்றவர்களை விரட்டியதை நானே பார்த்திருக்கிறேன். அதே அத்தை, சித்தப்பா மகன் 2007-ல் வேறு சாதிப் பெண்ணைக் கல்யாணம் செய்தபோது இரண்டு வருஷம் அவனோடு பேசவில்லை. நாங்கள் கேட்டதற்கு, "பள்ளிக்கூடம் வேற, வீடு வேற" என்றார். அவர் சொன்னதிலேயே மோசமான வாக்கியம் அதுதான்.

2009-ல் அவர்களுக்குக் குழந்தை பிறந்தது. யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி, பிரசவ லேகியத்தோடு போய் இறங்கினார். மன்னிப்புக் கேட்கவில்லை. பதினைந்து நாள் இருந்து பத்தியச் சாப்பாடு சமைத்துப் போட்டுவிட்டு வந்தார். அந்த மருமகள்தான் கடைசி வருஷம் அவருக்குத் தலைவாரி விட்டது. ஆனால் அவள் எல்லாவற்றையும் மறந்துவிட்டாள் என்று நான் சொல்ல மாட்டேன். அவளிடமே கேளுங்கள், சொல்வாள்.

அந்தச் சாம்பார் சாதம் எப்படிச் செய்வது?

பத்துத் தலைக்கு: அரிசி ஒரு கிலோ, துவரம்பருப்பு 150 கிராம், காய் அரைக் கிலோ. காய் என்றால் பரங்கிக்காய், கத்திரிக்காய், கொல்லையிலிருந்து ஒரு கை முருங்கைக்கீரை. பருப்பைக் குழைய வேகவிட்டு, அதிலேயே காயைப் போட்டு, புளியைக் கம்மியாகக் கரைத்து விட வேண்டும். கீரை கடைசியில். சோற்றைத் தனியாகக் குழைவாக வடித்து, அடுப்பை அணைத்த பிறகு கலக்க வேண்டும். தாளிக்க எண்ணெய் ஒரு கரண்டிக்கு மேல் கூடாது. நெய் விடுகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். நெய் விட்டால் அது நன்றாகத்தான் இருக்கும், அத்தை சாதமாக இருக்காது.

பிள்ளை இல்லாதவருக்கு யார் திதி கொடுக்கிறார்கள்?

கொள்ளி வைத்தது என் தம்பி. வருஷா வருஷம் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் காவிரியில் இறங்கித் திதி கொடுப்பதும் அவன்தான். கூமுட்டைக்காரனே. மகாளய பட்ச நாட்களில் அத்தை, மாமா, சித்தப்பா, நண்பர் என்று எல்லாருக்கும் எள்ளும் தண்ணீரும் விடலாம், அவர்களைக் காருண்ய பித்ருக்கள் என்பார்கள் என்று படித்துறை ஐயர் சொன்னார். மகன்தான் வேண்டும் என்பதில்லை.

அவருடைய நோட்டுகள் யாரிடம் இருக்கின்றன?

என்னிடம். மொத்தம் 31 நோட்டு. மையத்துப் பதிவேடுகள் அரசாங்கத்துக்குச் சொந்தம், அவை போய்விட்டன. இவை வீட்டுக் கணக்கு. தேதி, தலை, அரிசி, இவ்வளவுதான். சொந்தக் கதை ஒரு வரி கிடையாது. தாத்தா இறந்த நாளில்கூட, முந்தின நாள் வரை 11 என்று இருந்த இடத்தில் 10 என்று மாறியிருக்கிறது.

அவர் போன பிறகு ஒரு மழை நாளில் உட்கார்ந்து 2007, 2008 தீபாவளிப் பக்கங்களைத் தேடிப் பார்த்தேன். வீட்டில் அன்றைக்கு இருந்தவர்களை நான் விரல் விட்டு எண்ணினேன். அத்தையின் கணக்கில் இரண்டு தலை கூடுதலாக இருந்தது. இரண்டு வருஷமும்.

சித்தப்பா மகனைக் கூப்பிட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தான். "எண்ணி என்னக்கா, கூப்பிடலையே" என்றான். நோட்டை மூடி வைத்தோம்.

இந்த வருஷம் எத்தனை தலை?

இதுவரை சொன்னவர்கள் பதினேழு. சித்தப்பா மகன் வீட்டில் நான்கு பேரும் வருகிறார்கள், அது இதில் சேர்த்திதான். பெங்களூர்க்காரர்கள் இன்னும் சொல்லவில்லை. வந்தாலும் வராவிட்டாலும் எண்ணிவிடுவேன், ஆனால் சனிக்கிழமைக்குள் சொன்னால் கீரை ஆய ஆள் பிடிக்கச் சௌகரியமாக இருக்கும்.